புருவம் இல்லாத ஊர்

கல்யாணமாகி விரிஞ்சிபுரத்திலிருந்து ஆம்பூருக்கு வந்து இறங்கியதையும், முதல் மாதம் முழுக்க ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே சமைத்ததையும் போன வாரம் சொன்னேன். மூக்கு கொஞ்ச நாளில் பழகிவிட்டது. இது மூக்கு பழகிய பிறகு நடந்த கதை.

விளக்கு ஏற்றுகிற நேரம். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் ஆசீர்வாதம் நிற்கிறார். துண்டை முக்காடு மாதிரி இழுத்து நெற்றியை மறைத்திருந்தார்.

வேலை விட்டு வந்ததும் சட்டியைத் திறந்து பார்க்கிற மனிதர். அன்றைக்கு அசையாமல் நின்றார். முகத்தைப் பார்த்தேன். கோபமா, பயமா, ஏதாவது விளையாட்டா, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு வருஷமாகப் பார்க்கிற முகம், யாரோ ஊர் தெரியாத ஆள் முகம் மாதிரி இருந்தது. கிட்டப் போய்த் துண்டை விலக்கினேன்.

இரண்டு புருவமும் இல்லை. இருந்த இடம் செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. இடது பக்கம் தோல் உரிந்து நீர் கோத்திருந்தது.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"தொண்டருங்க" என்றார். களி அடி பிடித்துப்போன வாசனை வந்தது.

அழகர்

என் வீட்டுக்காரரின் அழகைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நான் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லியிருப்பார். மாதா கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைவிட அவர்தான் கண்ணாடியை விடமாட்டார். மீசைக்கு ஒரு சீப்பு, தலைக்கு ஒரு சீப்பு. புருவத்தை எச்சில் தொட்டு நீவிவிடுவார். அந்தப் புருவத்தை ஏற்றி இறக்கித்தான் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார் என்று நான் கிண்டல் செய்வேன். பேச்சில் பாதியைப் புருவமே பேசிவிடும்.

தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்போம். அவருக்கு ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. தோலைக் குழியில் இறக்குவது, கொக்கியால் இழுத்துப் புரட்டுவது, பதம் பார்த்து எடுப்பது. நான் அதே ஷாப்பில் ஆட்டு மயிர் அலசுகிற பெண்களோடு இருந்தேன்.

அப்போது ஜெர்மனியோடு யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்துக்கு பூட்ஸ் வேண்டும், பூட்ஸுக்குத் தோல் வேண்டும், தோலுக்கு நாங்கள் வேண்டும். முதலாளிமார் வீடுகளுக்கு மாடி ஏறியது. எங்கள் பக்கத்தில் அரிசி விலைதான் ஏறியது. குழிக்காரர்களுக்குக் கை வெடித்து ரத்தம் வரும். தடவிக்கொள்ள முன்பு ஷாப்பில் தேங்காய் எண்ணெய் தருவார்கள். யுத்தத்தைச் சொல்லி அதையும் நிறுத்திவிட்டார்கள். சங்கம் அந்த எண்ணெயில் ஆரம்பித்ததுதான்.

முதல் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலாற்று மணலில் கூடினார்கள். வாரத்துக்கு ஒரு நாள் லீவு கேட்பது என்று எல்லோரும் ஒரே குரலில் ஒத்துக்கொண்டார்கள். எந்த நாள் என்று வந்தபோதுதான் குரல் மூன்றாகப் பிரிந்தது. எங்கள் ஆட்களுக்கு ஞாயிறு, என் வீட்டுக்காரரின் தோஸ்து காதர் பாய் ஆட்களுக்கு வெள்ளி, மற்றவர்களுக்கு வாரக் கணக்கு வேண்டாம், அமாவாசைதான் வேண்டும். பேசிப் பேசி இருட்டிவிட்டது. கடைசியில் லீவே வேண்டாம், எண்ணெயும் கூலியும் மட்டும் கேட்போம் என்று முடிவு செய்து, பெரிய வெற்றி அடைந்த மாதிரி வீட்டுக்கு வந்தார்கள்.

விசுவாசத் தொண்டர்கள்

யுத்த காலத்தில் கூலி கேட்பதே ராஜத் துரோகம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதைக் கிளப்பியவர் ஷாப்புக்கு ஆள் பிடித்துத் தருகிற கான்ட்ராக்டர். அவர் தலைமையில் ஊரில் ஒரு படை சேர்ந்தது. 'ராஜ விசுவாசத் தொண்டர்கள்' என்று பெயர். தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டை மண்டித் தரகர்களின் ஆட்கள், வட்டிக்கடைக்காரர் மகன், பென்ஷன் வாங்கிய ஒரு அவில்தார், இப்படி ஒரு கலவை. சட்டையில் சக்கரவர்த்தி படம் குத்திக்கொண்டு, கையில் தடியோடு கடைத்தெருவில் நடப்பார்கள். ராஜாவைப் பற்றி ஒரு பாட்டும் பாடுவார்கள். அந்தப் பாட்டைக் கேட்டிருந்தால் ராஜாவே ஜெர்மன்காரர்களிடம் சரணடைந்திருப்பார் என்று காதர் பாய் சொல்லுவார்.

சிரித்துக்கொண்டிருந்தது கொஞ்ச நாள்தான். வாணியம்பாடியில் சங்கம் பேசிய ஒரு ஆளை வண்டிச் சக்கரத்தில் கட்டி அடித்து முழங்காலை உடைத்தார்கள். போலீஸ் வந்தது. அடித்தவர்களை ஒன்றும் கேட்கவில்லை. அடிபட்டவனைத்தான் கட்டிலோடு தூக்கிப்போய், ஜெர்மன் பணம் எவ்வளவு வாங்கினாய் என்று விசாரித்தார்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகு நேராக நடந்ததே இல்லை.

எங்கள் ஊரில் அவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஆட்டுத்தோலில் மயிர் கழல, சுண்ணாம்போடு மஞ்சள் தாளகத்தைக் குழைத்துப் பூசுவோம். தாளகம் ஒரு விஷக் கல். அந்தப் பசை பட்ட இடத்தில் மயிர் நிற்காது. அதை எடுத்து மனிதன் புருவத்தில் பூசலாம் என்று கான்ட்ராக்டருக்குத் தோன்றியிருக்கிறது. ஆம்பூரில் ஷாப்புகள் நிறைய. ஒரு இடத்தில் விரட்டினால் இன்னொரு இடத்தில் பேரை மாற்றிச் சொல்லிச் சேர்ந்துவிடலாம். புருவத்தை எப்படி மாற்றிச் சொல்வது? புருவம் இல்லாதவனை எந்த கேட்டிலும் உள்ளே விடக் கூடாது என்று எல்லா ஷாப்புக்கும் சொல்லியனுப்பிவிட்டார்.

முதல் ஆள் என் வீட்டுக்காரர். ரயில் பாதை ஓரமாக வரும்போது பிடித்துப் பட்டைக் கொட்டகைக்குள் தள்ளியிருக்கிறார்கள். சங்கத்தில் யார் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு பேரும் சொல்லவில்லை. பசையைப் பூசினார்கள். பூசினவர்கள் குழி வேலை தெரியாதவர்கள். எப்போது கழுவ வேண்டுமென்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். கடைசியில், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரைக் காலி செய், இல்லாவிட்டால் அடுத்த தடவை கண்ணுக்குள்ளேயே பூசுவோம் என்று சொல்லி, அவருடைய துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு போனார்களாம்.

திமிரிக்குப் போகிற பெட்டி

புளித்த தவிட்டுத் தண்ணீரால் கழுவி, எண்ணெய் வைத்தேன். தோலுக்குச் சுண்ணாம்பை முறிக்க ஷாப்பில் செய்வதும் அதுதான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து தகரப் பெட்டியை இழுத்தார். திமிரியில் அவருடைய அக்கா இருந்தாள். அங்கே போய் வயல் வேலை செய்து பிழைத்துக்கொள்ளலாம் என்றார். நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

நான் போகச் சம்மதிக்கவில்லை. தண்ணீர் ஊற்றி வளர்த்த முருங்கை அப்போதுதான் பூவெடுத்திருந்தது. நானே சம்பாதித்த கூலியில் வாங்கிய பித்தளைக் குடம் இருந்தது. சேர்ந்து அலசி, சேர்ந்து சண்டை போடுகிற பெண்கள் இருந்தார்கள். அக்கா வீட்டில் எனக்கு என்ன இருந்தது? அவருக்குக் கண் போய்விடுமோ என்ற பயமும் எனக்கு இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

கண்ணைப் பற்றித்தான் அவர் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ, "இந்த மூஞ்சியோட தெருவுல எப்டி நடப்பேன் சலோமி? சின்னப் பசங்க கூட சிரிப்பானுங்க" என்றார்.

கண்ணில் தண்ணீர் இறங்கியது. ஆனால் புருவம் இல்லாத அந்த முகத்தில் அழுகைகூட ஆச்சரியம் மாதிரிதான் தெரிந்தது. கடவுள் மன்னிக்கட்டும், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் முறைத்தார். முறைப்பும் ஆச்சரியமாகத்தான் தெரிந்தது. இன்னும் சிரித்தேன்.

"சிரிக்கிறியா நீ? உனுக்கு வந்தா தெரியும்" என்றார்.

அவர் துண்டு அடுப்போரம் கிடந்தது. அதில் அந்தப் பாவிகள் துடைத்த பசை இன்னும் ஈரமாக இருந்தது. கரண்டிக் காம்பால் வழித்தேன். கண்ணைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டேன். அவர் என்ன என்று எழுந்து வருவதற்குள் இரண்டு புருவத்திலும் பூசிவிட்டேன். எங்கள் ஆட்கள் பசைக்கு நேரம் பார்ப்பது பரமண்டல ஜெபத்தை வைத்து. ஒரு தடவை வேகமாகச் சொல்லி முடித்ததும் தவிட்டுத் தண்ணீரில் முகத்தை அலசினேன். புருவம் கையோடு வந்தது.

"இப்ப சொல்லுங்க" என்றேன். "ரெண்டு பேருமா நடப்போம். சிரிக்கிறவன் யாருன்னு பாக்கலாம்."

அவர் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தார். என்னையே பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

காதர் பாயின் கணக்கு

அந்த நேரத்தில்தான் காதர் பாய் வந்தார். என் வீட்டுக்காரரோடு ஒரே குழியில் வேலை. ஆம்பூரிலேயே அடர்த்தியான புருவம் அவருடையது. மழை பெய்தால் கண் நனையாது என்பார்கள். செய்தி கேட்டுப் பதறி வந்தவர், தோஸ்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உன்னியுமா தங்கச்சி புட்சாங்க?" என்றார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

நானேதான் செய்துகொண்டேன் என்று நான் சொன்னது அவருக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை. விளங்கிய பிறகு பெட்டியின் மறுமுனையில் உட்கார்ந்து தாடியைத் தடவினார். அப்புறம் கணக்குப் போடுகிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"குழில தோலு இன்னிக்கோட பதம். காலையில எடுக்கலன்னா கூழுதான். பட்டாளத்துக்காரன் வேற பாக்க வர்றான். புருவம் இல்லாதவன் உள்ள வரக் கூடாதுன்றது கான்ட்ராக்டர் ஆர்டர்." நிறுத்தி, தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தார். "யாருக்குமே புருவம் இல்லன்னா, தோலை எவன் எடுப்பான்?"

இன்றைக்குச் சங்கத்து ஆண்டு விழாக்களில் இதை 'தோழர் ஆசீர்வாதம் தீட்டிய திட்டம்' என்று பேசுகிறார்கள். தோழர் ஆசீர்வாதம் அன்றைக்குத் தீட்டியது திமிரிக்குப் போகிற திட்டம்தான். அவரே மேடையில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு, என் பக்கம் பார்க்காமல் மீசையை முறுக்கிக்கொள்வார்.

விடியற்காலையில் எங்கள் தெரு முழுக்கக் கயிற்றுக் கட்டில்கள். மல்லாக்கப் படுத்த ஆண்கள். ஷாப்பின் பழைய குழியிலிருந்து, காரம் குறைந்த சுண்ணாம்பைக் காதர் பாய் கொண்டுவந்து, கொஞ்சம்போல் தாளகம் சேர்த்துக் குழைத்தார். கண்ணுக்கு மேல் ஈரத் துணி. பூசுவது பாய், கழுவுவது நானும் பெண்களும். சில பெண்கள் தங்களுக்கும் பூசச் சொன்னார்கள். பாய் தன் முறை வந்ததும் தாடியை ஒரு துணியில் பத்திரமாகக் கட்டிக்கொண்டு படுத்தார். புருவம் போனதும் அவர் பத்து வயது குறைந்து, யாரோ பள்ளிக்கூடத்துப் பையன் ஒட்டுத் தாடி வைத்த மாதிரி இருந்தார். அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருந்த ஒரு பையன் மட்டும், ஒரு புருவம் எடுத்தால் போதாதா என்று கெஞ்சினான். போதாது என்று அவனுக்கு மாமியாராக வரப்போகிறவளே சொல்லிவிட்டாள்.

கேட்டில்

ஷாப்பு கேட்டில் காவல் முனிசாமி. நல்ல மனிதர், சொன்னதை அப்படியே செய்வார். அன்றைக்கு ஊரே அவரைப் பேஜார் செய்துவிட்டது.

முதலில் காதர் பாய் போய் நின்றார். முனிசாமி கையை நீட்டி மறித்தார். "புருவம் இல்லாதவனுக்கு இங்க இன்னா வேலை?" என்றார். பாய் மரியாதையாக ஒதுங்கி நின்றார். அடுத்த ஆள் வந்தார். அதே கேள்வி. அதற்கடுத்த ஆள். முனிசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்துப் பார்த்து, கடைசியில் தன் புருவம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சங்கு ஊதி ஓய்ந்தது. குழிகளில் தோல் ஊறிக்கொண்டிருந்தது. நாங்கள் வெளியே வரிசையாக நின்றோம். யாரும் கோஷம் போடவில்லை.

கான்ட்ராக்டர் தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். தடிகளைப் பார்த்ததும் எனக்கு வாணியம்பாடி ஆளின் முழங்கால்தான் நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். அவர் முகத்தில் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் கை என் கையை அழுத்திப் பிடித்திருந்தது.

"எவன்டா ஆசீர்வாதம்?" என்று அவில்தார் கேட்டார்.

புருவம் போய், நெற்றி சிவந்து, தலையில் துண்டும் கட்டிவிட்டால் எல்லோரும் ஒரே அச்சுத்தான். கான்ட்ராக்டர் வரிசையை மேலும் கீழும் பார்த்து ஒருவனைக் காட்டினார். அவில்தார் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தடியை ஓங்கினார். "மாமா, நான்தான்" என்று அவன் அலறினான். அவன் கான்ட்ராக்டருடைய மனைவியின் சொந்தத் தம்பி. அவனும் சங்கத்தில் இருந்தது கான்ட்ராக்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வரிசையில் எங்கோ ஒருவர் சிரித்தார். அது ஓடி எங்கள் கடைசிப் பெண் வரைக்கும் வந்தது. ஓங்கிய தடியை எங்கே இறக்குவது என்று தெரியாமல் அவில்தார் அப்படியே நின்றார்.

முதலாளி ஜட்காவில் வந்து இறங்கினார். எங்களைப் பார்க்கவில்லை. கேட்டுக்கு உள்ளே குழிகள் இருக்கிற பக்கம் பார்த்தார். பிறகு கான்ட்ராக்டரிடம் ரொம்ப மெதுவாக ஏதோ சொன்னார். கேட்டது முனிசாமி ஒருவர்தான். சரக்கு ரயில் ஏறுகிற வரைக்கும் இந்த ஆட்கள் மேல் ஒரு விரல் படக் கூடாது என்றாராம்.

கேட்டு திறந்தது. தோல்கள் பிழைத்தன. சாயங்காலம் குழிக்காரர்களுக்கு ஒரு டின் தேங்காய் எண்ணெய் வந்தது. கூலி ஏற இன்னும் நாளானது. அது வேறு கதை, அவ்வளவு சிரிப்பானதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காதர் பாயும் இன்னும் சிலரும் காலையிலிருந்தே எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் தேடி வரவில்லை. திமிரிக்குக் கட்டிய பெட்டியை நான் பிரித்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. எங்கள் தெரு நாவிதர் கோவிந்தன் எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏன்யா, என்னாண்ட வந்திருந்தா கத்தியிலயே வழிச்சி உட்டிருப்பேனே?"

இத்தனை பேரில் ஒருவருக்கும் ஷவரக் கத்தி ஞாபகம் வரவில்லை. மயிர் எடுக்க வேண்டுமென்றால் எங்களுக்குக் குழிதான்.

மை

எல்லோருக்கும் புருவம் முளைத்தது. காதர் பாய்க்கு முன்னைவிட ஜாஸ்தியாகவே முளைத்தது. என் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் வந்தது. தோல் வெந்துபோன இடது பக்கம் வரவே இல்லை.

யுத்தம் முடிந்தது. தொண்டர் படை இருந்த இடம் தெரியாமல் போனது. அந்த அவில்தார் பிற்பாடு எங்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்து என் வீட்டுக்காரருக்கு மாலை போட்டார். இவரும் வாங்கிக்கொண்டார். நான் அன்றைக்கு முழுக்க இவரோடு பேசவில்லை.

எங்கள் மகள் கல்யாணம் வந்தது. போட்டோ பிடிக்கிறவர் வேலூரிலிருந்து வருகிறார். இந்த ஒரு நாளாவது முகம் முழுசாக இருக்கட்டும் என்று நான் கண்மை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் தலையை ஆட்டினார். பெண்ணும் சேர்ந்து சொன்னதும் கண்ணை மூடி முகத்தை நீட்டினார். வலதைப் பார்த்துப் பார்த்து இடதை வரைந்தேன். கண்ணாடியில் பார்த்து, அந்தக் காலத்துச் சிரிப்பு ஒன்று சிரித்தார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

கோயில் வாசலில் விருந்தாளிகளை வரவேற்க நின்றோம். கேட்டு முனிசாமி வந்தார். கிழவராகிவிட்டார், பார்வை மங்கல். எனக்கு வணக்கம் சொன்னார். என் பக்கத்தில் நின்றவரை மேலும் கீழும் பார்த்தார். யாரோ மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று நினைத்து ஒதுங்கி, "ஆசீர்வாதம் எங்கம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"நான்தான் முனிசாமி" என்றார் இவர்.

முனிசாமி கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். இடது புருவத்தைப் பார்த்தார். பிறகு அன்றைக்கு மாதிரியே கையை நீட்டி வாசலை மறித்தார்.

"புருவம் இருக்கறவனுக்கு இங்க இன்னா வேலை?"

என் வீட்டுக்காரர் தோளில் கிடந்ததை எடுத்து, இடது புருவத்தை ஒரே இழுப்பில் துடைத்தார். முனிசாமி கையை இறக்கினார்.

புது அங்கவஸ்திரம். நானும் எத்தனையோ தடவை துவைத்துப் பார்த்துவிட்டேன். மை போகவே இல்லை.